எல்லை ஐந்து மணிக்கு மூடும்

வடபழஞ்சி ஐ.டி. பூங்கா, மூன்றாவது மாடி,
ஏ.சி. நேராகக் கழுத்தில் விழும் இருக்கை.
லாவோஸ் மலைகளை இங்கிருந்துதான் விற்கிறேன்.
பதினான்கு நாள், மூன்று நாடு, ஒரு வழிகாட்டி,
பின்னால் பஞ்சர் பெட்டியோடு ஒரு வேன்.

'கஷ்டம்' என்று எழுதக் கூடாது, 'சவால்' என்று எழுது.
'அட்டை கடிக்கும்' வேண்டாம்,
'மனிதக் கால் படாத காடு' என்று எழுது.
பேச்சி என்றால் வெள்ளைக்காரர் நாக்கு சுளுக்கும் என்று
பியா ஆக்கினார்கள். சரி என்றேன்.
பேசுகிற வேலைக்கு வந்தவள்
பேச்சியாகவே இருந்திருக்கலாம்.

கேள்விகள் வரும்.
ஏழாம் நாள் நிழல் உண்டா?
எல்லையில் சைக்கிளுக்கும் முத்திரை குத்துவார்களா?
நீங்கள் இந்தப் பாதையில் போயிருக்கிறீர்களா?
கடைசிக் கேள்விக்குத் தயாராக ஒரு வரி உண்டு:
'எங்கள் குழு பலமுறை சென்ற பாதை.'
எடுத்து ஒட்டுவேன். பொய்யில்லை. குழு பெரியது.

எனக்குத் தெரிந்த சைக்கிள்
பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது.
கருமாத்தூரிலிருந்து செக்கானூரணி வரை
எதிர்க்காற்று ஒன்றுதான் ஏற்றம்.

அன்று கத்திரி தொடங்கி நாலாம் நாள்.
சட்டை உரிக்கக்கூடச் சோம்பி
ஜன்னலுக்கு வெளியே கிடந்தது நாகமலை.
தயிர்சாதம் பாதியில் இருக்கும்போது போன்.
அங்கே நாலு பத்து. எனக்கு இரண்டு நாற்பது.

ஹென்ரிக், டென்மார்க், அறுபத்தொரு வயது.
முன்னால் போனவர்களைத் தவறவிட்டுவிட்டார்.
வேன் மண்சரிவுக்கு அந்தப் பக்கம்.
வழிகாட்டி கம்போன் எல்லைச் சாவடியில்
இவருடைய பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பிடித்தபடி நிற்கிறார்.
ஐந்துக்குக் கதவு மூடும்.

"என்ன தெரிகிறது?"
மழை, என்றார்.
"மழையைத் தவிர?"
ஒரு கடை. பாட்டிலில் சிவப்பாக ஏதோ விற்கிறார்கள்.
"பெட்ரோல். குடித்துவிடாதீர்கள்."
சாலை இரண்டாகப் பிரிகிறது, இரண்டிலும் சேறு.
என் வரைபடத்தில் பிரிவே இல்லை.
ஒரே கோடு, சிவப்பு, சத்தியம் செய்கிற மாதிரி.

கையேட்டில் இதற்குப் பக்கம் கிடையாது.
"கரண்டுக் கம்பி எந்தப் பக்கம் போகிறது?"
இரண்டு பக்கமும்.
"எதில் அதிகம்?"
சிரித்தார், அல்லது நடுங்கினார். இடதில் மூன்று.
அரசாங்கம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குத்தான்
மூன்று கம்பி இழுப்பார்கள்,
ஒற்றைக் கம்பி யாருடைய தோட்டத்துக்கோ போகும்.
இப்படி நினைக்கத்தான் செய்தேன்.
வாய் "இடது" என்று உறுதியாகச் சொல்லிவிட்டது.

அப்புறம் திரையில் சமவுயரக் கோடுகள்
சீப்புப் பல்லாக நெருங்கின.
காதில் அவர் மூச்சு நெருங்கியது.
"இறங்கித் தள்ளுங்கள்." சொல்லக் கூடாத சொல்.
தள்ளினார். சேற்றிலிருந்து டயர் பிய்கிற சத்தம்.
நான் எப்போது எழுந்து நின்றேன் தெரியாது,
பக்கத்து மேஜை செல்வகணபதி
ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறான்.
"இன்னும் நானூறு மீட்டர்." அறுநூறு.
பியா, நீ எங்கே இருக்கிறாய்? என்றார்.
"பக்கத்தில்தான்."

நாய் குரைத்தது. பலர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.
கம்போனின் குரல் எனக்குத் தெரியாத மொழியில் வந்தது,
திட்டு என்பது மட்டும் புரிந்தது.
போன் அணைந்தது. நாலு ஐம்பத்தாறு.
டப்பாவை மூடி வைத்தேன்.

பத்து நாள் கழித்து மதிப்பீட்டுப் படிவம்.
நாலு நட்சத்திரம். குறைந்த ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு.
வழிகாட்டியின் பெயர் என்ற கட்டத்தில்
கம்போன் என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

திங்கட்கிழமை லியோனிலிருந்து யாரோ ஒருத்தி.
நீங்கள் இந்தப் பாதையில் போயிருக்கிறீர்களா?
தயார் வரியை ஒட்டினேன்.
அழித்தேன்.
ஒரு முறை, என்று அடித்தேன். மழையில்.
பாதி தூரம் தள்ளிக்கொண்டு.